தற்செயலுக்கு இலக்கணம் வகுத்த கை

2023ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், புதன்கிழமை, கணித அறிஞர் கல்யாணபுரம் ரங்காச்சாரி பார்த்தசாரதி தில்லியில் மறைந்தார். 87 அகவை நிறைய இன்னும் 11 நாள்களே இருந்தன. வைகாசி கழிந்துகொண்டிருந்த அந்நாளில் காஞ்சியை அடுத்த எங்கள் முசரவாக்கத்துத் தறி எதுவும் நிற்கவில்லை. பாவு நீண்டது, நாடா ஓடியது, நெய்த பட்டு மரத்தில் சுருண்டது. வரதர் கோயில் கோபுரமும் ஏகம்பத்து ஓங்கு கோபுரமும் என்றும்போல் வெயில் காய்ந்து நின்றன. உலகின் அடியில் உறையும் தற்செயலுக்குக் கணக்கெழுதிய கை ஒன்று வடபுலத்தில் அசைவற்றுக் கிடக்க, அதனை அறியாத ஊர் தன் பகலைப் பகலாகவே கழித்தது. காஞ்சி மூதூரே, அன்று நீ எவ்வாறு ஒளியோடு இருந்தாய்? தறியே, அன்று நீ எவ்வாறு ஒலித்தாய்?

தம்மைப் புரந்த தலைவன் மாய்ந்தபோது பாணரும் புலவரும் செய்வதறியாது நின்று பாடிய பாட்டைக் கையறுநிலை என்றனர் முன்னோர். அவர்கள் பெற்ற கொடை பொன்னும் களிறும் தேரும் ஊரும். யான் பெற்ற கொடை மூன்று சிறு குறிகள். அவை தம்முள் பெருகுங்கால் விளைவது இன்னதென்று காட்டும் ஓர் அட்டவணை. அவ்வளவே. ஆயினும் அவ்வட்டவணையின் பொருளை உணர்ந்த நாள் முதல், வேந்தர் ஈந்த ஊர்களினும் அது பெரிதென்றே கருதி வருகிறேன். வாளெடுத்தோர்க்கும் வாரி வழங்கியோர்க்கும் மட்டுமே அழுவது என்று ஓர் இனம் வரையறுத்துக்கொண்டால், அவ்வினம் தன் இழப்பில் பாதியை அறியாது போகும். ஆதலின் அழுகிறேன். அழுகையோடு அவர் செய்ததையும் சொல்கிறேன். செய்தது இன்னதென்று சொல்லாத புலம்பல் மறைந்தோர்க்கு மாண்பு சேர்ப்பதன்று.

இவருக்கு அழும் உரிமை காஞ்சிக்கு உண்டு. கடம்பர் குல முதல்வனான மயூரசர்மன் கல்வி தேடி வந்தது இவ்வூர்க் கடிகைக்கே என்று தாளகுந்தாத் தூண் கல்வெட்டு உரைக்கிறது. அளவை நூலுக்குப் புது நெறி கண்ட திக்நாகர் காஞ்சியை அடுத்த ஓர் ஊரில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. மணிமேகலை தன் நெடும்பயணத்தின் முடிவில் அறவண அடிகளிடம் அளவையும் ஏதுவும் கேட்டுத் தெளிந்ததும் இந்நகரில்தான். அறியத்தக்கது யாது, அறியும் வழி யாது, ஒன்றை அறிவதால் மற்றொன்றை அறியும் வழி அடைபடுமோ என்னும் வினாக்கள் இம்மண்ணுக்குப் புதியவை அல்ல. அவ்வினாக்களை இருபதாம் நூற்றாண்டின் இயற்பியல் புதிய கூர்மையோடு எழுப்பியபோது, அவற்றைக் கணித மொழியில் விடுவிக்க முயன்றோருள் தலையாய ஒருவர் தொண்டை நாட்டுக் கடற்கரையில், சென்னையில், 1936ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் பிறந்தார்.

மயிலாப்பூரில் இராமகிருஷ்ண மடத்தார் நடத்தும் விவேகானந்தா கல்லூரியில் கணிதச் சிறப்புப் பட்டம் பெற்றார். பின்பு கல்கத்தாவுக்குப் போனார். பிரசாந்த சந்திர மகலானபிஸ் 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம் அங்கே சி. ஆர். ராவின் தலைமையில் ஆய்வாளர்களை வளர்த்துக்கொண்டிருந்தது. அங்கே நால்வர் ஒன்று கூடினர்: பார்த்தசாரதி, ரங்காராவ், வரதராஜன், சீனிவாச வரதன். இருபதுகளில் நின்ற இளைஞர்கள். ஒருவர் கற்றதை மற்ற மூவருக்கும் உரைப்பார். உரைத்ததை நால்வரும் சேர்ந்து கடைவர். 1962, 1963 ஆண்டுகளில் பார்த்தசாரதி, ரங்காராவ், வரதன் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைகள் குலம் என்னும் கணித அமைப்புகளின் மீது நிகழ்தகவு எவ்வாறு பரவும் என்பதை ஆராய்ந்தன. வரதராஜன் அயல்நாடு சென்று திரும்பியபோது ஜார்ஜ் மக்கியின் சிந்தனைகளைக் கொணர்ந்தார். சமச்சீர்மையின் வழியே குவாண்டம் இயற்பியலை நோக்கும் பார்வை அது. பார்த்தசாரதி, ரங்காராவ், வரதராஜன் மூவரும் 1967இல் வெளியிட்ட கட்டுரையின் பெயரெழுத்துகளை இன்றும் லீ குலம் பயில்வோர் ஒரே சொல்லாகச் சேர்த்து உச்சரிக்கின்றனர். அம்மூவர் திறந்த வழியில் எழுந்த ஊகம் ஒன்றை மெய்ப்பிக்க உலகிற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்த நால்வரின் கூட்டம் போன்ற ஒன்று மீண்டும் இந்நாட்டில் கூடுமோ! வரதனுக்கு 2007இல் ஆபெல் பரிசு கிடைத்தபோது நாடு மகிழ்ந்தது, மகிழ்ந்தது முறையே. மற்ற மூவரையும் அன்று சேர்த்து நினைத்திருக்க வேண்டும் என்பதே என் ஆற்றாமை.

1962இல் முனைவர் பட்டம் முடித்த பார்த்தசாரதி மாஸ்கோவுக்குச் சென்று ஸ்டெக்லோவ் கணிதக் கழகத்தில் ஓராண்டு இருந்தார். அங்கே கல்மகோரவ் இருந்தார். இவ்விடத்தில் சற்று நின்று பின்னோக்க வேண்டும்; அன்றேல் பார்த்தசாரதி ஏற்றுக்கொண்ட சுமையின் எடை விளங்காது.

1900ஆம் ஆண்டு பாரிஸில் டேவிட் ஹில்பர்ட் வருங்காலக் கணிதத்திற்கு 23 வினாக்களை வைத்தார். ஆறாவது வினா இயற்பியலைப் பற்றியது. வடிவியலை யூக்ளிட் சில எடுகோள்களின் மேல் நிறுத்தியதைப்போல, நிகழ்தகவையும் இயக்கவியலையும் நிறுத்த இயலுமா என்று அவர் கேட்டார். முப்பது ஆண்டுகள் கழிந்து, ஏறத்தாழ ஒரே காலத்தில், இரண்டு விடைகள் வந்தன. 1932இல் ஜான் ஃபான் நாய்மன் குவாண்டம் இயக்கவியலின் கணித அடிப்படைகளை நூலாக்கினார். 1933இல் கல்மகோரவ் நிகழ்தகவின் அடிப்படைகளை நூலாக்கினார். இரண்டும் தற்செயலைப் பற்றியவை. இரண்டும் ஒன்றோடொன்று பேசவில்லை.

கல்மகோரவின் உலகில் நிகழக்கூடியவை யாவும் ஒரே களத்தில் புள்ளிகளாய்க் கிடக்கும். சமவாய்ப்பு மாறி ஒவ்வொன்றும் அக்களத்தின் மேல் ஒரு சார்பு. எத்தனை மாறிகளை வேண்டுமாயினும் ஒருங்கே வைத்து நோக்கலாம். நாய்மனின் உலகில் அவ்வாறு ஒரு பொதுக்களம் இல்லை. அளக்கப்படும் ஒவ்வொன்றும் ஹில்பர்ட் வெளியில் வேலை செய்யும் ஒரு செயலி. இரண்டு செயலிகளின் வரிசையை மாற்றினால் விளைவு மாறும். இதனைப் பட்டு நெய்வோர்க்கு விளக்க வேண்டியதில்லை. மிதியை மிதித்து நாடாவை எறிவது வேறு. நாடாவை எறிந்து மிதியை மிதிப்பது வேறு. செய்தவை அவ்விரண்டே, துணியோ ஒன்றன்று. துகளின் இருப்பிடத்தை முதலில் கேட்டுப் பின் அதன் உந்தத்தைக் கேட்பதற்கும், வரிசையை மாற்றிக் கேட்பதற்கும் உள்ள வேற்றுமை அத்தகையது. 1964இல் ஜான் பெல் எழுதிய சமனின்மை, கல்மகோரவின் ஒற்றைக் களத்துக்குள் இயற்கையை அடைக்க ஒண்ணாது என்பதைச் சோதனைக்கு உரியதாக்கிற்று. அச்சோதனைகளைச் செய்து இயற்கையின் விடையைப் பெற்றோர்க்கு 2022இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆக, தற்செயலுக்கு இரண்டு நாடுகள். இடையில் கடக்கவொண்ணா ஆறு. நிகழ்தகவு பயின்றோர் தம் கரையில் இருந்தனர். குவாண்டம் பயின்றோர் தம் கரையில் இருந்தனர். ஒரு கரையில் கல்மகோரவின் அருகில் இருந்தவர் மற்றைக் கரைக்கு நடந்து போகத் துணிந்தார். அத்துணிவே பார்த்தசாரதியின் வாழ்க்கை.

ஷெஃபீல்டில் 1964 முதல் 1968 வரையும், மான்செஸ்டரில் 1970 வரையும் பேராசிரியராய் இருந்தார். 1967இல் வெளிவந்த அவர் முதல் நூல், தொலைவு வரையறுத்த வெளிகளில் நிகழ்தகவு அளவைகளைப் பற்றியது. உலகெங்கும் நிகழ்தகவு கற்போர் கைகளில் இன்றும் அது உள்ளது. முப்பத்தோராம் அகவையில் எழுதியது! அந்நூலோடு நின்றிருந்தாலும் பெயர் நின்றிருக்கும். அவர் நிற்கவில்லை.

அக்காலத்தில் அவர் மனத்தைப் பற்றியிருந்த வினா ஒன்று உண்டு. ஒரு தற்செயல் பரவலை எத்தனை துண்டுகளாக வேண்டினும் ஒத்த, சார்பற்ற துண்டுகளாகப் பிரிக்க இயலுமாயின், அப்பரவல் எத்தகையது? மெய்யெண் கோட்டின் மேல் இதற்கு லெவியும் கின்சினும் விடை கண்டிருந்தனர். அத்தகைய பரவலில் உள்ளவை மூன்றே: சீரான நகர்வு, மணிவளைவாகிய காஸ் பரவல், திடீர்த் தாவல்களை எண்ணும் பாய்சான் பரவல்களின் கலவை. இவ்விடை குலங்களின் மேலும் செல்லுமா என்று தேடிச் சென்ற பார்த்தசாரதி, கிளாவுஸ் ஷ்மிட்டோடு சேர்ந்து 1972இல் எழுதிய சிறு நூலில் ஓர் எதிர்பாராத இடத்தை அடைந்தார். பிரிந்துகொண்டே போகும் தற்செயல் அனைத்தும் ஃபாக் வெளி என்னும் இடத்தில் இயல்பாகவே குடியிருந்தது.

ஃபாக் வெளி இயற்பியலாருக்குப் பழைய வீடு. ருஷ்ய அறிஞர் விளாதிமிர் ஃபாக் 1932இல் அமைத்தது. துகள்கள் தோன்றியும் மறைந்தும் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும் அமைப்புகளை எழுத அவ்வெளி பயன்பட்டது. ஒளித்துகள் பிறக்கும் செயலும் இறக்கும் செயலும் அங்கே செயலிகளாக உள்ளன. நிகழ்தகவின் கரையிலிருந்து நடந்தவர் கண்ட நிலம் அங்குள்ள இயற்பியலார் முன்பே உழுதுகொண்டிருந்த நிலமாகவே இருந்தது. அந்த நொடியில் அவர் உள்ளம் என்ன ஆயிற்றோ! ஐய, அதனை நும் வாயால் கேட்க வேண்டும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். கேட்கும் வாயில் அடைபட்டது.

1970க்குப் பின் அவர் நாடு திரும்பினார். பம்பாய்ப் பல்கலைக்கழகம், தில்லி ஐ.ஐ.டி., பின்பு 1976 முதல் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் தில்லி நிலையம். அங்கேயே 1996இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்ற சொல் அவருக்கு ஒருநாளும் பொருந்தவில்லை. மேலை நாட்டில் இளமையிலேயே பேராசிரியர் இருக்கை பெற்றவர் தாய்நாட்டு வகுப்பறைக்கு மீண்டு, சுண்ணக்கட்டி தேய்ந்து தூளாகும்வரை கற்பித்தார். அவர் நிலைநாட்டியவற்றுள் தலையாயது அதற்குப் பின்னரே பிறந்தது. திரும்பி வந்தவர் தேய்ந்து போவார் என்று சொல்வோர்க்கு இதைக் காட்டிலும் வேறு விடை வேண்டாம்.

இனி அந்த அட்டவணைக்கு வருகிறேன்.

நீரில் மிதக்கும் நுண்துகள் ஓயாது நடுங்குவதை 1827இல் இராபர்ட் பிரௌன் நுண்ணோக்கியில் கண்டார். 1905இல் ஐன்ஸ்டைன் அந்நடுக்கத்திலிருந்து மூலக்கூறுகளின் இருப்பை வெளிக்கொணரும் வழியைக் காட்டினார். அந்நடுக்கத்தின் பாதை எங்கும் முறிந்தது. எந்தப் புள்ளியிலும் தொடுகோடு வரைய இயலாதது. நியூட்டனின் நுண்கணிதம் அங்கே கைவிட்டது. 1944இல் ஜப்பானியரான கியோஷி இட்டோ அதற்கெனப் புதிய நுண்கணிதம் படைத்தார். பள்ளியில் யாம் கற்றது, மிகச்சிறு மாற்றத்தின் வர்க்கம் புறக்கணிக்கத்தக்கது என்பதே. பிரௌனியன் இயக்கத்தில் அவ்வாறன்று. மாற்றத்தின் வர்க்கம் அழியாது, கழிந்த காலத்துளிக்குச் சமமாய் எஞ்சி நிற்கும். அந்த எச்சமே இட்டோ வாய்பாட்டின் உயிர். பங்குச் சந்தை விலையைக் கணிப்போர் முதல் விண்கலத்தின் பாதையைத் திருத்துவோர் வரை அதைக் கையாளுகின்றனர். ஆயின் அது எங்கிருந்து வந்தது?

1984இல் பார்த்தசாரதியும் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்து ராபின் ஹட்சனும் கணித இயற்பியலுக்கான புகழ்பெற்ற இதழ் ஒன்றில் 23 பக்கக் கட்டுரை வெளியிட்டனர். குவாண்டம் உலகின் இட்டோ வாய்பாட்டை அது நிறுவியது. ஃபாக் வெளியில் காலத்தோடு வளரும் மூன்று நிகழ்முறைகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர்: படைத்தல், காத்தல், அழித்தல். ஒவ்வொன்றின் நுண்மாற்றத்தையும் மற்றொன்றின் நுண்மாற்றத்தோடு பெருக்கி என்ன எஞ்சுகிறது என்று கேட்டனர். அழித்தலை முன்னும் படைத்தலைப் பின்னும் எழுதிப் பெருக்கினால் எஞ்சுவது காலத்துளி. அழித்தலைக் காத்தலோடு பெருக்கினால் அழித்தல். காத்தலைப் படைத்தலோடு பெருக்கினால் படைத்தல். காத்தலைத் தன்னோடே பெருக்கினால் காத்தல். எஞ்சிய பெருக்கங்கள் யாவும் சுழியம். படைத்தலை முன்வைத்து அழித்தலைப் பின்வைத்தால் அதுவும் சுழியம்.

இவ்வளவு சிறிய அட்டவணை. இதற்குள் அடங்கியதைக் காணுங்கள். படைத்தலையும் அழித்தலையும் கூட்டி வர்க்கித்தால் நான்கு பெருக்கங்கள் வரும், மூன்று அழிந்து ஒன்று எஞ்சும், எஞ்சுவது காலத்துளி. அதுவே இட்டோவின் வாய்பாடு. அப்படியாயின் பிரௌனின் துகள் நடுங்கிய நடுக்கத்தில் எஞ்சிய அந்தக் காலத்துளி, படைத்தலும் அழித்தலும் வரிசை மாறக் கூடாமையின் விளைவு. வரிசை மாறக் கூடாமையோ ஹெய்சன்பெர்க்கின் உறுதியின்மைக் கோட்பாட்டின் வேர். நெடுங்காலம் வேறு வேறென்று எண்ணப்பட்ட இரண்டு ஐயங்கள், நீர்த்துளியில் நடுங்கிய துகளின் ஐயமும் அணுவுக்குள் உறையும் ஐயமும், ஒரே வேரிலிருந்து எழுத முடிந்தவை ஆயின. இதனைவிட ஆழமான ஒருமைப்பாட்டை நிகழ்தகவியல் இதுவரை கண்டதாக யான் கருதவில்லை.

அதே வெளியில், காத்தலோடு படைத்தலையும் அழித்தலையும் காலத்தையும் தக்க அளவில் கூட்டினால், பாய்சானின் தாவல்கள் பிறக்கும். தன் வர்க்கத்துக்குத் தானே சமமான மாற்றம் உடையது அது, ஒரு தாவல் நிகழும், அன்றேல் நிகழாது, இடைநிலை இல்லை. லேசர் ஒளியை உணரியில் விழச்செய்து ஒளித்துகள்களை எண்ணுவோர்க்குக் கிடைப்பது பாய்சான் எண்ணிக்கை. அதே ஒளியை வலுவான மற்றோர் ஒளியோடு கலந்து அதன் அலைவீச்சை அளப்போர்க்குக் கிடைப்பது பிரௌனின் நடுக்கம். ஒளி ஒன்று, கேட்ட கேள்வி வேறு, இரண்டு கேள்விகளையும் ஒருங்கே கேட்க இயற்கை இடம் தராது. செவ்வியல் நிகழ்தகவின் இருபெரும் தூண்களும் ஒரே குவாண்டம் இரைச்சலின் இரண்டு முகங்கள் என்று காட்டிய கையை, அந்தோ, இனி யாங்குக் காண்பேன்!

மற்றொரு பயனையும் சொல்ல வேண்டும். தனித்து விடப்பட்ட அணுவின் நிலை முன்னும் பின்னும் திருப்பத்தக்க முறையில் மாறும், ஒன்றும் இழப்பதில்லை. உலகில் எந்த அணுவும் தனித்து விடப்படுவதில்லை. சூழல் அதைத் தொடுகிறது, ஒளியை உமிழ்ந்து அது தளர்கிறது, நினைவை இழக்கிறது. அத்தளர்ச்சிக்குரிய சமன்பாட்டின் பொதுவடிவை 1976இல் கோரினி, கொசகோவ்ஸ்கி, சுதர்சன் ஆகிய மூவரும் ஒருபுறமும், சுவீடனின் லிண்ட்பிளாட் மறுபுறமும் கண்டனர். அம்மூவருள் ஒருவரான சுதர்சன் கோட்டயத்தை அடுத்த பள்ளம் என்னும் ஊரில் பிறந்து, தாம்பரத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர். தளர்ச்சி எவ்வாறு நிகழும் என்பதை அச்சமன்பாடு சொன்னது. அத்தளர்ச்சிக்குப் பின்னே இழப்பற்ற பேரியக்கம் ஒன்று உண்டா என்பது எஞ்சிய வினா. ஹட்சனும் பார்த்தசாரதியும் எழுதிய சமன்பாடு அதற்கு விடை தந்தது. அணுவோடு இரைச்சலின் ஃபாக் வெளியையும் சேர்த்து நோக்கினால், முழுமையின் இயக்கம் நீளம் மாறாத சுழற்சியே, ஒன்றும் கெடவில்லை. சூழலைக் கணக்கில் கொள்ளாது அணுவை மட்டும் நோக்குங்கால் நம் கண்ணுக்குத் தெரிவதே தளர்ச்சி. குவாண்டம் ஒளியியலிலும், அளந்துகொண்டே அமைப்பைத் திருத்தும் கட்டுப்பாட்டுக் கலையிலும் இன்று உழைப்போர் இந்தச் சமன்பாட்டை நாள்தோறும் கையாளுகின்றனர்.

சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசும், 1996இல் மூன்றாம் உலக அறிவியல் கழகத்தின் பரிசும் அவருக்கு வந்தன. பரிசுகளைப் பற்றி இதற்கு மேல் சொல்வதற்கில்லை.

நூல்களைப் பற்றிச் சொல்ல உண்டு. 1977இல் நிகழ்தகவையும் அளவையையும் தொடக்கத்திலிருந்து கற்பிக்கும் நூல் எழுதினார். 1992இல் குவாண்டம் தற்செயல் நுண்கணிதத்துக்கு அவர் எழுதிய அறிமுகம், அத்துறையின் முதனூலாயிற்று. 2005இல், அறுபத்தொன்பதாம் அகவையில், குவாண்டம் இயக்கவியலின் கணித அடிப்படைகளைப் பற்றி விரிவுரை நூல் வெளியிட்டார். நாய்மன் 1932இல் வைத்த தலைப்பையே அதற்கும் வைத்தார். எழுபதை நெருங்கியும் கடந்தும் குவாண்டம் கணிமை, பிழை திருத்தும் குறியீடுகள், தகவல் கோட்பாடு என்று புதிய துறைகளை மாணவரைப்போல் கற்றுக் கற்பித்தார். ராஜேந்திர பாட்டியா, ராஜாராம பட் முதலிய மாணவர்கள் அவர் பட்டறையில் உருவாகித் தத்தம் பெயரால் ஓங்கி நிற்கின்றனர்.

2004இல் அவர் வெளியிட்ட ஒரு தேற்றம் என் உள்ளத்தை விட்டு நீங்குவதில்லை. பல துகள்கள் சேர்ந்த அமைப்பில் சில நிலைகளைத் தனித்தனித் துகள்களின் நிலைகளுடைய பெருக்கமாகப் பிரித்தெழுத இயலும். சில நிலைகளைப் பிரிக்கவே இயலாது. பிரிக்க இயலாதவை மட்டுமே வாழும் உள்வெளி எத்துணைப் பெரியதாக இருக்கலாம் என்று அவர் கேட்டார். விடையை முழுதாகவே தந்தார்: பரிமாணங்களின் பெருக்கத்திலிருந்து அவற்றின் கூட்டுத்தொகையைக் கழித்து, துகள்களின் எண்ணிக்கையைக் கூட்டி, ஒன்றைக் கழிக்க வேண்டும். இரண்டு நிலைகள் உடைய துகள்கள் மூன்று சேர்ந்தால் முழுவெளி 8 பரிமாணம். பிணைந்தவை மட்டுமே வாழத்தக்க உள்வெளி 4 பரிமாணத்தை எட்டும், மேற்செல்லாது. அறுபத்தெட்டு அகவையில் ஒரு முதியவர் கேட்ட கேள்வி இது; இளைஞர் எவரும் கேட்டிருக்க வேண்டிய எளிய கேள்வி. எளிமை அத்துணை எளிதில் கிடைப்பதன்று.

இனி இழவின் கணக்கு. வரதராஜன் 2019 ஏப்ரலில் கலிபோர்னியாவில் மறைந்தார். குவாண்டம் கோட்பாட்டின் வடிவியலை இரு தொகுதிகளாய் எழுதியவர். அட்டவணையின் மற்றைப் பாதியான ஹட்சன் 2021இல் மறைந்தார். 2023 ஜூனில் பார்த்தசாரதி. அவ்வாண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள், கல்கத்தாவில் கூடிய நால்வருக்கும் ஆசானான சி. ஆர். ராவ் 102 அகவையில் மறைந்தார். மாணவர் முன் செல்ல, ஆசான் பின் சென்றார். பத்து வாரங்களுக்குள் ஒரு மரபின் வேரும் கிளையும் சாய்ந்தன. தற்செயலை ஆண்டவர்களைத் தற்செயலே இவ்வாறு வரிசைப்படுத்தி அழைத்துச் சென்றதோ? வரிசை மாறினால் விளைவு மாறும் என்று எமக்குக் கற்பித்தீர், ஐய. இவ்வரிசையை எப்படி மாற்றுவோம்?

நீவிர் ஆக்கத்தையும் அழிவையும் ஒரே தாளில் எழுதினீர். அழிவை முன்னிட்டு ஆக்கத்தைப் பின்னிட்டால் காலம் எஞ்சும் என்றீர். நும் அழிவின் பின் எமக்கு எஞ்சிய காலத்தில் யாம் ஆக்குவது யாது என்று எம் நெஞ்சைக் கேட்கிறேன். காஞ்சியின் பட்டு உலகெங்கும் போகிறது. அதன் பெயரை அறியாதார் இல்லை. நும் அட்டவணையும் உலகெங்கும் போயிற்று. நும் பெயரைத் தொண்டை நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் அறியார். இந்நிலை எனக்குப் பொறுக்கவில்லை. நும்மைக் கொண்டாடச் சிலை வேண்டாம், தெருப்பெயர் வேண்டாம். பரிமாற்று விதி எங்கே முறிகிறது என்று ஒரு பிள்ளை ஆசிரியரைக் கேட்குமாயின், அது போதும்.

தமிழ் வழியில் கணிதம் பயிற்றும் கல்லூரி ஆசிரியர்களே, இயற்பியல் ஆசிரியர்களே, உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். பார்த்தசாரதியின் 1977ஆம் ஆண்டு நூல் நூலகங்களில் உள்ளது; 1992ஆம் ஆண்டு நூலும் உள்ளது. அவற்றுள் முன்னதன் முதல் இயலைத் தமிழில் சொல்லிக்கொடுங்கள். நாணயச் சுண்டலிலிருந்து கல்மகோரவின் களம் வரை ஒரு பருவத்தில் சென்றுவிடலாம். அடுத்த பருவத்தில் மூன்று செயலிகளையும் பலகையில் எழுதி, ஹட்சன், பார்த்தசாரதி என்னும் இரு பெயர்களையும் அவற்றின் மேலே எழுதுங்கள். முசரவாக்கத்தில் மாலை வேளையில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டே தொடங்குகிறேன். நீங்கள் உங்கள் ஊரில் தொடங்குங்கள்.